வண்ணக் கட்டங்கள்

மார்கழித் திங்களின் வைகறையில் திருவண்ணாமலையின் மாட வீதிகளில் நடந்து செல்வோர், வாயில்தோறும் வண்ணக் கோலங்களைக் காண்பர். கோலமிட்டபின் கிண்ணங்களில் சிறிது பொடி எஞ்சியிருக்கும். மாணவர்களே! அப்பொடியைக் கொண்டு ஆடத்தக்க அறிவு விளையாட்டு ஒன்றை இங்கே காண்போம்.

தரையில் 4 வரிசையும் 4 நிரலுமாக 16 கட்டங்கள் வரைக. நடுவே குறுக்கும் நெடுக்கும் தடித்த கோடு இழுப்பின், நான்கு நான்கு கட்டங்கள் கொண்ட 4 பகுதிகள் தோன்றும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்னும் 4 நிறங்களும் ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நிரலிலும், ஒவ்வொரு பகுதியிலும் ஒருமுறையே வருதல் வேண்டும். விதி இவ்வளவே.

முதல் வரிசையின் முதற் கட்டத்தில் சிவப்பையும், இரண்டாம் வரிசையின் நான்காம் கட்டத்தில் மஞ்சளையும், மூன்றாவதன் மூன்றாம் கட்டத்தில் நீலத்தையும், நான்காவதன் இரண்டாம் கட்டத்தில் பச்சையையும் இடுக. எஞ்சிய 12 கட்டங்களை நிரப்புவது எங்ஙனம்? இடப்புற மேற்பகுதியில் மஞ்சள் எங்கே வரும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் வரிசையில் மஞ்சள் முன்னரே உள்ளது. ஆகவே அது முதல் வரிசையில்தான் வரவேண்டும். அங்கே முதற் கட்டம் சிவப்புக்கு உரியதாகிவிட்டது. எனவே இரண்டாம் கட்டமே மஞ்சளுக்கு உரியது. இனி அவ்வரிசையில் எஞ்சுவன பச்சையும் நீலமும். மூன்றாம் நிரலில் நீலம் இருத்தலால், மூன்றாம் கட்டம் பச்சை. நான்காம் கட்டம் நீலம். ஓரிடத்திலும் ஊகம் வேண்டுவதில்லை. ஏனைய கட்டங்களை நீங்களே நிரப்புக. விடை ஒன்றே ஒன்றுதான்.

இதில் கணக்கு எங்கும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நிறங்களுக்கு மாறாகக் கோயிலின் நான்கு திசைக் கோபுரங்களின் பெயர்களை எழுதியும் ஆடலாம்: 217 அடி உயர்ந்த இராஜகோபுரம், திருமஞ்சன கோபுரம், பேய்க்கோபுரம், அம்மணியம்மன் கோபுரம். 81 கட்டங்கள் கொண்ட பெரிய ஆட்டத்திற்கு 9 குறிகள் வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் எட்டு இலிங்கங்களும் நடுவே நிற்கும் மலையுமாக 9 குறிகள் இங்கேயே கிடைக்கின்றன! எண்களால் ஆடப்படும் அப்பெரிய ஆட்டம் 1979-இல் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்து, 1984-இல் ஜப்பானை அடைந்து, அங்கே சுடோகு என்னும் பெயர் பெற்றது.

நிறங்களால் ஆடுவதில் ஓர் இடர் உண்டு. அந்தி ஒளியில் நீலமும் பச்சையும் மயங்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையாரும் உளர். அத்தகைய தோழர் உடன் ஆடினால், நிறத்தின்மேல் புள்ளி, கோடு, வட்டம் என அடையாளமும் இடுதல் நன்று.

பகுதிகளை நீக்கி, வரிசை நிரல் விதிகளை மட்டும் கொள்ளின், அது இலத்தீன் சதுரம் எனப்படும். வயலாராய்ச்சியாளர்க்கு இது பெருந்துணை. ஒரு வயலின் ஒருபுறம் மண்வளம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருக்கும். நான்கு நெல் வகைகளை இச்சதுர முறையில் விதைத்தால், ஒவ்வொரு வகைக்கும் நல்ல மண்ணும் மெலிந்த மண்ணும் ஒப்பக் கிடைக்கும். எவ்வகை மேம்பட்டது என்பது ஐயமின்றி விளங்கும்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர், இத்தகைய இரு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை ஆராய்ந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் இரு நிறங்கள் அமையும். எந்த இணையும் மீண்டும் வரலாகாது. 6, 10, 14 முதலிய அளவுகளில் இஃது இயலாது என 1782-இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் கருதினார். 6 அளவில் அவர் கருத்து மெய்யே. ஆனால், 177 ஆண்டுகள் கழித்து, 1959-இல், இந்தியரான ஆர். சி. போஸ், எஸ். எஸ். ஸ்ரீகண்டே ஆகிய இருவரும் 22 அளவில் அத்தகைய சதுரத்தை அமைத்துக் காட்டினர். அமெரிக்கரான பார்க்கர் 10 அளவிலும் அமைத்தார். பின்னர் மூவரும் கூடி, 2, 6 நீங்கலாக எல்லா அளவுகளிலும் அஃது இயலும் என நிறுவினர். பார்க்கரின் சதுரம் எண்களுக்கு மாறாகப் பத்து வண்ணங்களால் தீட்டப்பெற்று, அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழின் அட்டையை அணி செய்தது.