பாக்கி ஷீட்டைக் கணினி படிக்க வேண்டுமானால்...

காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரை, எண்ணெய், அரிசி, மளிகை வியாபாரம் செய்யும் நம்மில் பலர் பேரேட்டோடு எக்செல் ஷீட்டும் வைத்திருக்கிறோம். அதைத் தானே படித்து, யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு தீரப் போகிறது என்று சொல்லவும், பாக்கிதாரர்களுக்கு நினைவூட்டுச் செய்தி அனுப்பவும் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகள் வந்துவிட்டன. (ஏஜெண்டு என்றதும் நமக்குக் கமிஷன் ஏஜெண்டுதான் நினைவுக்கு வருவார். இது கணினியில் சொன்ன வேலையைச் செய்து முடிக்கும் மென்பொருள்.)

இந்த ஏஜெண்டு பெரும்பாலும் ஷீட்டை நேரே திறப்பதில்லை. நடுவே, ஷீட்டைப் படித்துக் கொடுக்கும் ஒரு சிறு கருவி இருக்கும். அதன் பெயர், அது செய்யும் வேலை, அதற்குத் தர வேண்டிய விவரம் ஆகியவை ஒரு குறிப்பாக ஏஜெண்டிடம் போகும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொது முறையும் இப்படித்தான் அமைந்துள்ளது. நம் ஜோஹோ நிறுவனமும் 2025 ஜூலையில் அந்த முறைக்கான வசதியை அறிவித்தது. ஏஜெண்டுக்கு நம் கடையைத் தெரியாது. அந்தக் குறிப்புதான் தெரியும். ஆனால் மென்பொருள் செய்து தருபவர்கள் "எக்செல் கோப்பைப் படிக்கும்" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவதும் உண்டு. புதிதாகச் சேர்ந்த பையனிடம் "கணக்கைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் சந்தைக்குப் போவது போன்றது அது.

எங்கே தவறும் என்று பார்ப்போம். பணம் வந்த வரிக்குப் பச்சை வண்ணம் அடிப்பது நம்மிடையே பரவலான வழக்கம். படிக்கும் கருவி பெரும்பாலும் கட்டத்தில் உள்ள எழுத்தையும் எண்ணையும்தான் எடுத்துத் தரும், வண்ணத்தைத் தராது. விளைவு, சென்ற வாரமே பணம் கட்டிய இருபது வருட வாடிக்கைக்காரருக்குப் பாக்கி கேட்டுச் செய்தி போகும். அவர் மறுபடி நம் கடைப் படி ஏறுவாரா? ஆகவே வண்ணத்தை நம்பாமல் 'நிலை' என்று ஒரு பத்தி போட்டு, 'வந்தது', 'வரவில்லை' என்று எழுதுவதே சரி. கருவியின் குறிப்பிலும் அந்தப் பத்தியின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அளவு. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத வரி வந்தபின் 26 கிலோ சிப்பமும் புழக்கத்துக்கு வந்தது. ஷீட்டில் 'சிப்பம் 100' என்று மட்டும் இருந்தால் அது 2,500 கிலோவா, 2,600 கிலோவா? நமக்குத் தெரியும், ஏஜெண்டுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் ஒன்றை ஊகித்துக்கொண்டும் போய்விடும். அதுதான் ஆபத்து.

5-4-2025 என்பது நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் மே 4. போதாததற்கு எக்செல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1-4-2025 என்பது அதற்கு 45748. கருவி அந்த எண்ணை அப்படியே தருமா, தேதியாக மாற்றித் தருமா என்பது குறிப்பில் இருக்க வேண்டும். எச்.எஸ்.என். எண்ணும் இப்படியே. தேங்காய்க்குரிய 0801, பருப்புக்குரிய 0713 ஆகியவற்றை எண்ணாக எடுத்தால் முன் பூஜ்யம் உதிர்ந்து 801, 713 என்றாகிவிடும். எனவே இவற்றை எழுத்தாகவே படிக்க வேண்டும் என்று குறிப்பிடுக.

வரிகளின் எல்லையைச் சொல்லாமல் விடுவது எல்லாவற்றிலும் மோசம். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறையில் கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் விட்டுப்போயிற்று. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமாயிற்று. நம் ஷீட் அவ்வளவு பெரிதல்ல என்றாலும், கருவி ஒரு தடவைக்கு 500 வரிகள்தான் தரும் என்றால் 501-ஆவது கடைக்காரர் பாக்கியே இல்லாதவர் ஆகிவிடுவார்!

ஆகவே குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "பாக்கி ஷீட்டைப் படிக்க மட்டும், எதையும் திருத்தாது. வர வேண்டிய தொகை பற்றிய கேள்விக்கு இதைப் பயன்படுத்துக. சரக்கு இருப்புக்கு வேண்டாம். தலைப்புகள் 3-ஆம் வரியில் உள்ளன. தேதி நாள்-மாதம்-ஆண்டு முறையில் வரும். தொகை ரூபாயில். 'நிலை' பத்தி காலியாக இருந்தால் ஊகிக்காமல் கடைக்காரரைக் கேட்கவும். ஒரு தடவைக்கு 500 வரிகள்; மேலும் இருந்தால் 'இன்னும் உள்ளது' என்று வரும், அப்போது விட்ட இடத்திலிருந்து மீண்டும் கேட்கவும்."

தவறு நேர்ந்தால் வரும் பதிலும் விளக்கமாக இருக்கட்டும். "பிழை 14" என்றால் யாருக்கு என்ன புரியும்? "'பாக்கி' என்ற ஷீட் இல்லை, உள்ளவை 'இருப்பு', 'வரவு'" என்று வந்தால் ஏஜெண்டு தானே திருத்திக்கொள்ளும்.

இந்தக் குறிப்பைத் தமிழிலேயே எழுதித் தரலாம். மென்பொருள்காரர் ஷீட்டின் வடிவத்தை அறிவார். சிப்பம் எத்தனை கிலோ என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். எழுதியபின், பேரேட்டில் விடை தெரிந்த பத்துக் கேள்விகளை ஏஜெண்டிடம் கேட்டுப் பாருங்கள். பத்தும் ஒத்துவரும்வரை வாடிக்கைக்காரருக்குச் செய்தி அனுப்பும் வேலையை அதனிடம் விட வேண்டாம்.