‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ நிறைய போட்டால் ஸ்கோர் ஏறுமா? ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் எங்கே சறுக்குகிறது?

40 நிமிடம். குறைந்தது 250 வார்த்தை. ஐஇஎல்டிஎஸ் தேர்வின் இரண்டாவது கட்டுரை இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கனவோடு எழுதுபவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான டிப்ஸ்: “ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு லிங்க்கர் போட்டுடு, பேண்ட் ஏறிடும்.” உண்மையில், அதுவே பேண்டை இறக்கிவிடலாம்.

ஏன் அப்படி?

கட்டுரைக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு. அதில் ஒன்று, கருத்தோட்டமும் இணைப்பும். மொத்த மதிப்பெண்ணில் கால்வாசி இதற்குத்தான். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிக் கொட்டுவது பேண்ட் 5-இன் அடையாளம். இணைப்பு இயந்திரத்தனமாக இருந்தால் பேண்ட் 6. பேண்ட் 9 கட்டுரையிலோ, இணைப்பு இருப்பதே பெரும்பாலும் கண்ணில் படாது.

இணைப்பு என்றால் லிங்க்கர் மட்டும்தானா?

இல்லை. மொழியியலாளர்கள் ஹாலிடேவும் ருக்கையா ஹசனும் 1976-இல் ஆங்கில இணைப்பை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: சுட்டுதல், பதிலி, சொல்லாமல் விடுதல், இணைப்புச் சொல், சொல் உறவு. அதாவது, ‘ஹவெவர்’ வகையறா ஐந்தில் ஒன்றுதான்.

உதாரணமாக, ‘நகரங்களில் வாகனங்கள் பெருகுகின்றன. இந்தப் பெருக்கம் காற்றை மாசாக்குகிறது.’ இங்கே லிங்க்கரே இல்லை. ‘இந்தப் பெருக்கம்’ என்ற இரண்டு சொற்களே இரு வாக்கியங்களையும் கட்டிப்போடுகின்றன. தமிழில் இது நமக்குப் புதிதல்ல. ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான்’ என்பதில் வினையெச்சங்களே கோத்துவிடுகின்றன. ஒரு ‘மேலும்’கூடத் தேவைப்படவில்லை.

எல்லா லிங்க்கரையும் குறைத்தால் போதுமா?

அதுவும் தீர்வல்ல. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை கிரேஞ்சர், டைசன் இருவரும் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு சுவாரசியமானது. மொத்தத்தில் அவர்கள் இணைப்புச் சொற்களை அதிகம் பயன்படுத்தவில்லை. சிக்கல் தேர்வில் இருந்தது. வாதத்தை நீட்டும் ‘மோர்ஓவர்’ போன்றவை அதிகம்; வாதத்தைத் திருப்பும் ‘ஹவெவர்’ போன்றவை குறைவு.

அடிக்கடி தடுக்கும் இன்னொன்று ‘ஆன் தி கான்ட்ரரி’. பலர் இதை ‘மறுபுறம்’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். உண்மையில் இது முன்பு சொன்னதை மறுக்கும் சொல்: ‘அப்படியல்ல, நேர் எதிர்’.

எழுதி முடித்ததும் என்ன செய்யலாம்?

லிங்க்கரை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் அப்படியே புரிந்தால் அது தேவையில்லை, எடுத்துவிடலாம். தடுமாறினால் இருக்கட்டும். லிங்க்கர் இருந்தும் இரண்டு வாக்கியங்கள் ஒட்டவில்லையா? சரிசெய்ய வேண்டியது லிங்க்கரை அல்ல, யோசனையை!