ஸ்பிரிண்டர் சொல்லும் எண்

அறுபது மீட்டரை முழு வேகத்தில் ஓடத் தேர்ந்த வீரருக்கு ஏழு விநாடி போதும். அதற்குள் இதயத்துடிப்பு உச்சத்தைத் தொடுவதில்லை. நெடுந்தூர ஓட்டக்காரருக்குக் கைகொடுக்கும் துடிப்புமானி ஸ்பிரிண்டருக்கு அவ்வளவாக உதவாதது இதனால்தான். கோச்சுக்கு மிஞ்சுவது ஸ்டாப்வாட்சும், “எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?” என்ற கேள்வியும்தான்.

இந்தக் கேள்விக்கு அளவுகோல் வகுத்தவர் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க். அவருடைய முதல் அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடியும். சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வரும். பின்னர் பத்து வரையிலான எளிய அளவுகோலையும் தந்தார். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் அதைப் பயிற்சிச் சுமைக் கணக்காக்கினார்: பயிற்சி முடிந்து அரை மணி கழித்து எண்ணைக் கேட்டு, பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்க வேண்டும்.

ஸ்பிரிண்டரிடம் இந்தப் பெருக்கல் ஏமாற்றிவிடும். ஆறு தடவை 60 மீட்டர், ஒவ்வொன்றும் முழு வேகம், இடையிடையே ஆறேழு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். பெரிதாக மூச்சு வாங்கியிருக்காது. வீரர் 4 என்பார். வார்ம்-அப்போடு 75 நிமிடம், பெருக்கினால் 300. இன்னொரு நாள் நடுத்தர வேகத்தில் பத்து 200 மீட்டர், ஓய்வு குறைவு. வியர்த்துக் கொட்ட, 7 என்பார். 50 நிமிடம், ஆக 350. காகிதத்தில் இரண்டாவதுதான் கடினம். ஆனால் பின்தொடைத் தசையும் நரம்பு மண்டலமும் தேறுவதற்கு நாள் கேட்பது முதலாவதற்குத்தான். கனடா ஸ்பிரிண்டர் பென் ஜான்சனின் கோச் சார்லி ஃபிரான்சிஸ் ஊக்கமருந்து விவகாரத்தில் பெயர் கெட்டவர். ஆனாலும் முழுவேகப் பயிற்சிகளுக்கு இடையே 48 மணி நேரம் விட வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது சரியானது.

அதனால் மூச்சுக்கு ஓர் எண், கால்களுக்கு ஓர் எண் என்று பிரித்துக் கேட்பது நல்லது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கேட்டு நேரத்துக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்வது. போன வாரம் 7.20 விநாடிக்கு 8 சொன்னவர், இன்று அதே 7.20-க்கு 10 சொல்கிறார். கடிகாரத்தில் மாற்றமில்லை, ஆனால் அதே வேகத்துக்கு உடம்பு கூடுதலாகப் பாடுபடுகிறது. இன்னும் இரண்டு ஓட்டம் பாக்கியிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். தசை கிழிந்து வாரக்கணக்கில் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் வீரர் உண்மை சொன்னால்தான். எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும், மற்றவர்கள் முன்னிலையில் அல்ல. 9 சொன்ன பையனிடம் “இதுக்கேவா?” என்று கோச் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து அணி முழுக்க 6 தான் சொல்லும்.