சுவரில் பூசணம்: வீடு வாங்குமுன் ஈரத்தைத் தேடுக

தோட்டப்புற மக்களுக்கு வீடு என்பது நெடுங்காலமாக வேலையோடு வந்து வேலையோடு போகும் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. வெட்டுக்கத்தியைக் கீழே வைக்கும் நாளில் லய வீட்டின் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையைப் பலரும் அறிவர். ஆகவே, ஊழியர் சேமநிதியில் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தைக் கொண்டு சொந்த வீடு ஒன்றை வாங்குவது நம் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்நாள் இலட்சியமாக விளங்குகிறது. அப்பணம் ஒரு முறைதான் கைக்கு வரும். அதைப் போட்டு வாங்கும் வீடு நோயில்லாத வீடாக இருத்தல் வேண்டும் அல்லவா?

அண்மையில் நாம் ஒரு குடும்பத்தைக் கண்டோம். கணவனும் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர்கள். பட்டணத்தை ஒட்டிய பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கினர். அவர்கள் வீட்டைப் பார்க்கச் சென்றது வெயில் காயும் ஒரு நண்பகல். சுவர்களுக்குப் புதிதாய்ச் சாயம் பூசப்பட்டிருந்தது. பார்த்ததும் பிடித்துவிட்டது, முன்பணம் கொடுத்துவிட்டனர். குடிபுகுந்த மூன்றாம் மாதம் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளிகள் தோன்றின. துணிகளில் மக்கிய வாடை வீசிற்று. முன்பே இளைப்பு நோய் இருந்த பேரனுக்கு இரவில் இருமல் மிகுந்தது. சுவரைத் துடைத்துச் சாயம் பூசினர்; புள்ளிகள் திரும்ப வந்தன. மீண்டும் பூசினர், மீண்டும் வந்தன.

இறுதியில் கட்டடங்களைச் சோதித்துப் பார்க்கும் ஒருவரை அழைத்தனர். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு, முதலில் வாசலில் இருந்த தண்ணீர் மீட்டரைப் பார்த்தார். குழாய்கள் மூடியிருந்தும் மீட்டர் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் இடைப்பட்ட சுவரினுள் குழாய் கசிந்துகொண்டிருந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றிப் பூசி முடிப்பதற்குள் அவர்கள் கையில் எஞ்சியிருந்த பணம் கரைந்துவிட்டது. மீட்டரைப் பார்க்கும் அந்தச் சிறு வேலையை முன்பணம் கொடுக்குமுன் செய்திருந்தால், விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம். அல்லது வேறு வீடு பார்த்திருக்கலாம்.

பூசணம் என்பது யாது?

மலாய் மொழியில் குலாட் எனப்படும் பூசணம் காளான் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். அதன் விதை போன்ற நுண்துகள்கள் காற்றில் எங்கும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை முற்றாக ஒழிக்க எவராலும் இயலாது. ஆனால் அவை முளைப்பதற்கு ஈரம் வேண்டும். மரம், காகிதம், அட்டை, துணி, தூசி, சாயம் ஆகிய யாவும் அவற்றுக்கு உணவு. நனைந்த பொருள் ஒன்று 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிடில் அதில் பூசணம் முளைக்கத் தொடங்கும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த நம் நாட்டில் அதற்குத் தடையே இல்லை.

இதை நம் தொழிலாளர்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. புகைக்கூடத்தில் சரியாக உலராத ரப்பர் ஷீட்டில் வெள்ளையும் சாம்பலுமாகப் பூசணம் படர்வதையும், அதனால் ஷீட்டின் தரம் குறைவதையும் அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அந்த ஷீட்டைத் துடைத்து அடுக்கிவிட்டால் போதுமா? போதாது, உள்ளீரம் இருக்கும் வரை பூசணம் மறுபடியும் வரும். வீட்டுச் சுவருக்கும் இதே விதிதான். பூசணம் நோயின் அடையாளம். ஈரமே நோயின் வேர். ஆகவே நல்ல பரிசோதகர் தேடுவது பூசணத்தையன்று, தண்ணீரையே.

உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சுக்குழாய்த் தொல்லைகள், ஆஸ்துமா மோசமாதல் ஆகியவற்றின் வாய்ப்பு மிகுதி என்று கூறியுள்ளது. இத்தனை அளவு பூசணம் இருந்தால் தீங்கில்லை என்ற எல்லையை அது வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதே வழி என்கிறது. குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உடையோர் இருக்கும் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்துதல் நலம்.

தண்ணீர் வரும் வழிகள்

வீட்டிற்குள் ஈரம் நான்கு வழிகளில் வருகிறது. ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டுச் செல்லும்.

முதலாவது, மேலிருந்து வரும் மழைநீர். ஓடு உடைந்திருந்தாலோ, தகரத்தின் ஆணித்துளை அகன்றிருந்தாலோ, கூரைப் பீலி இலைகளால் அடைபட்டிருந்தாலோ நீர் உள்ளே இறங்கும். உட்கூரையில் தேநீர்க் கறை போன்று பழுப்பு வளையங்கள் தோன்றும். வளையத்திற்குள் வளையம் இருப்பின் பல முறை ஒழுகியிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, கீழிருந்து ஏறும் நிலத்து ஈரம். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கற்சுவர் நிலத்து நீரை மேலே இழுக்கிறது. பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கோடு போட்டாற்போல் கறை காணப்படும். அங்கே சாயம் உப்பி உரியும். வெண்மையான உப்புத்தூள் பூக்கும். வெளியே மண் உயர்ந்து சுவரோடு அணைந்திருப்பதும், வடிகால் அடைபட்டிருப்பதும் இதற்குக் காரணமாகலாம்.

மூன்றாவது, குழாய்க் கசிவும் குளியலறைக் கசிவும். மழைக்கும் வெயிலுக்கும் இது மாறுவதில்லை. என்றும் ஈரமாகவே இருக்கும். குளியலறைக்குப் பின்புறச் சுவரிலும், மாடி வீடாயின் குளியலறைக்கு நேர்கீழுள்ள உட்கூரையிலும் இதைத் தேட வேண்டும்.

நான்காவது, காற்றில் உள்ள ஈரமே நீராகப் படிதல். சன்னல்களை மூடிவைத்துச் சமைப்பது, ஈரத்துணிகளை அறைக்குள் உலர்த்துவது, குளிர்சாதனத்தை மிகக் குளிராக வைப்பது ஆகியவற்றால் இது நேரும். அறை மூலைகளிலும், சுவரை ஒட்டிய அலமாரிகளின் பின்னும் பூசணம் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். இதற்கு உடைப்பு வேலை தேவையில்லை, காற்றோட்டமே மருந்து. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தாலே பயன் தெரியும்.

பரிசோதகர் என்ன செய்கிறார்?

முதலில் அவர் கேள்வி கேட்பார்: எப்பொழுது ஒழுகிற்று, எப்பொழுது சாயம் பூசினர், வெள்ளம் புகுந்ததுண்டா என்று. பின்னர் வெளிப்புறம், கூரை, வடிகால், குழாய்கள் என்று தண்ணீர் செல்லும் வழியெல்லாம் சென்று பார்ப்பார். அதன் பின்னரே கருவிகளை எடுப்பார்.

ஈரமானி என்பது இரண்டு ஊசிகள் உடைய சிறு கருவி. ஈரமுள்ள பொருள் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பதைக் கொண்டு அது சுவரின் ஈரத்தை மதிப்பிடுகிறது. உப்புப் பூத்த சுவரில் இது மிகைபடக் காட்டுவதும் உண்டு. வெப்பப் படக்கருவியோ ஈரத்தையே காட்டுவதில்லை; நீர் ஆவியாகுமிடம் குளிர்ந்திருக்கும் ஆதலால் அவ்விடத்தை வேறு நிறத்தில் காட்டுகிறது. இதனால் நல்ல பரிசோதகர் ஒரு கருவியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறமாட்டார்.

சிலர் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும் என்று கூறிக் கூடுதல் கட்டணம் கேட்பர். பூசணம் கண்ணுக்குத் தெரியும் வீட்டில் இத்தகைய சோதனை பெரும்பாலும் தேவையில்லை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் அறிவுரை. கறுப்பாக இருந்தால் கொடிய விஷம், வெளுப்பாக இருந்தால் தீங்கில்லை என்பதும் சரியன்று. எந்த நிறமாயினும் அகற்றப்பட வேண்டியதே. சோதனைக்குச் செலவிடும் பணத்தைக் கசிவை அடைக்கச் செலவிடுவதே அறிவுடைமை.

பரிசோதகரை அமர்த்துமுன் கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். அவரே சுத்தம் செய்யும் வேலையையும் மருந்தையும் விற்பவராயின் எச்சரிக்கை தேவை. நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராயின் நோய் பெரிதாகத் தோன்றக்கூடும். ஈரம் எங்கே உள்ளது, எங்கிருந்து வருகிறது, எதை முதலில் பழுதுபார்க்க வேண்டும் என்ற மூன்றும் படங்களுடன் அறிக்கையில் இருத்தல் வேண்டும்.

நாமே பார்க்கக் கூடியவை

பரிசோதகரை அமர்த்த வசதியில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் கையும் பல உண்மைகளைக் கூறும்.

வீட்டைப் பெருமழை பெய்த மறுநாள் சென்று பாருங்கள். வெயில் நாளில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூட்டியிருந்த வீட்டின் கதவைத் திறந்தவுடன் வரும் முதல் வாடையைக் கவனியுங்கள். கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் உப்பிய சாயம் நிழலிட்டுக் காட்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் புதுச்சாயம் இருப்பின் காரணம் கேளுங்கள். அலமாரிகளை நகர்த்தியும், கழுவுதொட்டியின் அடியிலும் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடி மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். அண்டை வீட்டாரிடம் வெள்ளம் பற்றி விசாரியுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

தீபகற்ப மலேசியாவில் வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து சட்டப்படியான ஒப்பந்தத்தின் மூலம் புது வீடு வாங்குவோருக்கு, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் பழுது பொறுப்புக் காலம் உண்டு. வேலைக் குறைவால் ஏற்பட்ட ஒழுகலையும் கசிவையும் இக்காலத்தில் எழுத்து மூலம் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்தல் வேண்டும். வாய்ச்சொல் போதாது. கடிதத்தின் பிரதியையும், தேதியிட்ட படங்களையும் பத்திரப்படுத்துங்கள். சரிசெய்யாவிடில் 2002ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தை நாடலாம். பொறுப்புக் காலம் முடிந்த 12 மாதங்களுக்குள் அதில் வழக்கைப் பதிவு செய்தல் வேண்டும். அங்கே பொதுவாக வழக்கறிஞர் இன்றித் தாமே பேசலாம்.

பழைய வீட்டிற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஏல வீடும் உள்ளது உள்ளபடியே விற்கப்படுவதாகும். ஆகவேதான் அத்தகைய வீடுகளுக்கு, முன்பணம் கொடுக்குமுன் செய்யும் பரிசோதனை மிக மிக முக்கியமானது. கொடுத்த பின் கண்டறிவது வருத்தத்தையே தரும்.

இன்னும் தோட்ட வீட்டில் குடியிருப்போர் ஒன்றை மறக்கலாகாது. 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டப்படி, தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை. ஒழுகும் கூரையை நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். பயனில்லையேல் தொழிலாளர் இலாகாவை அணுகுங்கள்.

சுத்தம் செய்யும் முறை

கசிவை அடைத்த பின்னரே சுத்தம் செய்ய வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குட்பட்ட பூசணத்தை நாமே சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி நன்கு உலர்த்தலாம். கையுறையும் முகக்கவசமும் அணிவது அவசியம். இளைப்பு நோயாளிகள் அருகில் இருத்தல் ஆகாது. பூசணம் ஊறிய மெத்தை, அட்டை, பாய் ஆகியவற்றை எறிந்துவிடுவதே நல்லது. வெளுப்பு நீரை அமோனியா உள்ள பொருளுடனோ, பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் உட்பட எந்த அமிலத்துடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான நச்சு வாயு எழும். பழைய வீடுகளின் கூரைத் தகடுகளிலும் உட்கூரைப் பலகைகளிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். அவற்றைச் சுரண்டவோ துளைக்கவோ கூடாது.

மரத்தின் பட்டையைக் கண்டதும் அதன் நலத்தைச் சொல்லிவிடும் கூரிய கண் நம் தொழிலாளர்களுக்கு உண்டு. வெட்டுப்பட்டையில் ஈரக்காலத்தில் அழுகல் தோன்றினால் அது பரவுமுன் கவனிக்கும் பழக்கமும் உண்டு. அந்தக் கண்ணையும் பழக்கத்தையும் வீடு வாங்கும் நாளிலும் உடன் கொண்டு செல்லுங்கள். புதுச்சாயத்தின் பளபளப்பைப் பார்க்குமுன் சுவரின் அடியைப் பாருங்கள், கூரையைப் பாருங்கள், மீட்டரைப் பாருங்கள். உங்கள் உழைப்பின் பயனாய் வரும் வீட்டில் உங்கள் பேரப்பிள்ளைகள் இரவில் நிம்மதியாக மூச்சுவிட்டு உறங்க வேண்டும் என்பதே நமது விருப்பம்.