நகையின் நான்கு களங்களும் ஒருபால் காதலும்

ஆஸ்திரேலியாவில் 2017ஆம் ஆண்டு நடைபெற்ற திருமணச் சட்ட அஞ்சல்வழிக் கருத்தெடுப்பில் 61.6 விழுக்காட்டினர் ஒருபால் திருமணத்தை ஆதரித்தனர். சிட்னியின் மேற்கே, ஈழத்தமிழரும் தமிழ்நாட்டவரும் கணிசமாக வாழும் பரமட்டா தொகுதியில் அதே 61.6 விழுக்காட்டினர் எதிர்த்தனர். வாக்குகள் மொழிவாரியாகப் பிரிக்கப்படாமையால் தமிழரின் நிலைப்பாட்டை இவ்வெண்ணிலிருந்து வருவிக்க இயலாது. எனினும், அவ்வாண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறியபின், இவ்வுறவைத் தமிழ் இல்லங்கள் எம்மொழியில் பேசும் என்னும் வினா எஞ்சுகிறது. அம்மொழியின் ஊற்றுகளுள் ஒன்று திரைப்பட நகைச்சுவை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு களங்களைக் கூறும். காதல் நகைச்சுவை பெரும்பாலும் பின்னைய மூன்றில் இயங்குவது. காதலர் தடுமாறுவர், பிழைபட உணர்வர், ஊடுவர். காண்போர் அவர் பக்கம் நின்றே சிரிப்பர். ஒருபால் ஈர்ப்புடையோர்க்குத் தமிழ்த் திரை நெடுங்காலம் ஒதுக்கியதோ பெரிதும் எள்ளல் ஒன்றே. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) இதிலிருந்து பாதியளவு விலகியது. சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் அதில் இணையராகவே வருகின்றனர். ஆயினும் சிரிப்பு இன்னும் அவர்தம் பாவனைகளைச் சார்ந்தே எழுகிறது. பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) புதுச்சேரி நாடகக் குழுவொன்றில் எல்லாக் காதலையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஒருபால் இணையர் துணைமாந்தராகவே நின்றுவிடுவது அதன் குறை. உயர்நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக அதே ஆண்டில் தமிழ்நாடு அரசிதழ் வெளியிட்ட சொற்பட்டியல் இம்மாந்தர்க்கு மதிப்பான பெயர்களை அளித்தது. அப்பெயர்களைச் சூடி ஊடும் காதலர் திரையில் இன்னும் அரியர்.

சிட்னியைக் களமாகக் கொண்ட 'தி சம் ஆஃப் அஸ்' (1994) இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. டேவிட் ஸ்டீவன்சின் நாடகத்திலிருந்து உருவான இப்படத்தில், குழாய்ப்பணி செய்யும் மகன் ஓர் இளைஞனை வீட்டுக்கு அழைத்துவருகிறான். மனைவியை இழந்த தந்தை எதிர்ப்பதில்லை. அளவுக்கு மீறி உபசரிக்கிறார். வந்தவன் அந்த அன்பிலேயே மிரண்டு வெளியேறுகிறான். நகை இங்கே தந்தையின் பேதைமையில் பிறக்கிறது, மகனின் காதலில் அன்று. பெண் கேட்டு வந்தவரைத் திணறடிக்கும் தமிழ் விருந்தோம்பலை அறிந்தோர்க்கு இக்காட்சி அயலானதன்று.

பால் ஈர்ப்பு சிலரிடம் வாழ்நாள் முழுதும் ஒரே நிலையில் நிற்பதில்லை என்பதையும் அப்படம் வாதமாக அன்றிக் குடும்ப நினைவாகவே வைக்கிறது. தந்தையின் தாய், கணவன் இறந்தபின், மற்றொரு பெண்ணுடன் வாழ்ந்தவர். முதுமையில் உறவினர் இருவரையும் பிரித்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்புகின்றனர். அந்நினைவில் மட்டும் நகைக்கு இடமில்லை.