உப்பு ஏறிய மலை வழி

பெங்களூரிலிருந்து சித்தூர், வேலூர் பக்கம் பஸ்ஸில் ஊருக்குப் போகிற தமிழர்களுக்கு மொகிலி காட் புதிய இடமல்ல. முல்பாகல், நங்கிலி தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்து, பலமனேரில் ஒரு டீ குடித்துவிட்டுக் கண்ணை மூடினால், விழிக்கும்போது காற்றில் சூடு ஏறியிருக்கும். பஸ் மலையை விட்டு இறங்கிவிட்டது என்று பொருள்.

பலமனேர் கடல் மட்டத்துக்குமேல் 2,200 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. சித்தூர் ஏறத்தாழ 1,000 அடிதான். இடையே சுமார் 40 கி.மீ. தூரம். நீலகிரிக்கு நல்ல பாதை ஏற்படும் முன்பு, சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்கள் உடம்பு தேறுவதற்குப் பலமனேருக்குத்தான் வந்து தங்கினார்கள். இன்று அந்தக் குளிர்ச்சிக்காக யாரும் இறங்குவதில்லை.

ஆனால் இந்த வழி பஸ்ஸுக்காகப் பிறந்ததல்ல.

அடிவாரத்தில் மொகிலி என்ற கிராமம் இருக்கிறது. தெலுங்கில் மொகலி என்றால் தாழை. மொகிலீசுவரர் கோயிலும் ஊரும் அந்தப் பூவால் பெயர் பெற்றவை. இங்கிருந்து மேற்கே ஏறுவதுதான் மொகிலிக் கணவாய். சமவெளியையும் மைசூர்ப் பீடபூமியையும் இணைத்த முக்கிய வழிகளில் இது ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற ஒருவருக்குத்தான் மலையின் ஏற்றம் முழங்காலில் தெரியும். உசில், வேல், மூங்கில், இடையிடையே சந்தனம் என்று வறண்ட காடு. கோடையில் இலை உதிர்ந்து பாறை தெரியும். மழைக்குப் பிறகு வந்தால் அதே காடா என்று கேட்கத் தோன்றும்.

சரித்திரப் புத்தகங்கள் இந்தக் கணவாயை ஒரு படையெடுப்புக்காக நினைவு வைத்திருக்கின்றன. 1791 பிப்ரவரியில் காரன்வாலிஸ் பிரபு வேலூரில் படையைத் திரட்டினார். ஆம்பூர் வழியாக வருவார் என்று திப்பு சுல்தானை நம்ப வைக்க அந்தப் பக்கம் ஒரு சிறு படையை அனுப்பிவிட்டு, பெரும்படையோடு வடக்கே திரும்பி மொகிலிக் கணவாயில் ஏறிவிட்டார். மார்ச் 21இல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. ஆனால் சுமார் இரண்டு மாதத்தில், இழுக்க மாடுகள் இல்லாமல், தம்முடைய பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டு அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கமிருந்து பின்வாங்க வேண்டியதாயிற்று. மாடு செத்தால் பீரங்கி வெறும் இரும்பு. அந்தப் போரில் ராணுவத்துக்குத் தானியம் கொண்டுவந்து கொடுத்தவர்கள், ஆயிரக்கணக்கான பொதிமாடுகளை ஓட்டிய லம்பாடிகள்.

பொதிமாட்டுக்காரர்கள்

போர் ஒரு மாதம் நடக்கும். வியாபாரம் வருஷம் முழுவதும் நடக்கும். இந்த மலை வழிகளை நடந்து நடந்து வழியாக்கியவர்கள் பொதிமாட்டுக்காரர்களே. லவணம் என்ற சொல்லிலிருந்தே லம்பாடி என்ற பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. லவணம் என்றால் உப்பு.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கூட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் குறவர் என்றும் ஆந்திரத்தில் எருகுலர் என்றும் அழைக்கப்படுகிறவர்கள். அவர்களில் ஒரு பிரிவுக்கு உப்புக் குறவர் என்றே பெயர். கடற்கரை உப்பளங்களில் உப்பு வாங்கி, மாட்டிலும் கழுதையிலும் பொதி ஏற்றி, வண்டி போகாத உள்நாட்டுக் கிராமங்களுக்கெல்லாம் கொண்டுபோய்ப் பண்டமாற்றுச் செய்வார்கள். திரும்பும்போது பொதியில் தானியம் இருக்கும். பெண்கள் கூடை முடைவார்கள், குறி சொல்வார்கள். தெலுங்கு தேசத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அவர்கள் வீட்டில் பேசும் எருகுல மொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது. சங்கப் பாட்டில் உப்பு வண்டி ஓட்டிச் சென்ற உமணரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அந்தத் தொழிலின் கடைசிக் கண்ணிகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தொழிலுக்கு என்ன நேர்ந்தது?

ரயில் வந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பாதை குடியாத்தம், ஆம்பூர், குப்பம் வழியாகப் போனது. பலமனேர் ஒதுங்கிப்போயிற்று. ஒரு மாடு சுமப்பதைப் போல் எத்தனையோ மடங்கு உப்பை ஒரே வாகன் சுமந்தது. போதாக்குறைக்கு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மனிதருக்கே கஞ்சி இல்லாதபோது மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வரும்?

மாடு போயிற்று, உப்பு போயிற்று. ஊர் ஊராகத் திரியும் பழக்கம் மட்டும் மிஞ்சியது. அதுவே குற்றமாயிற்று. வடஇந்தியாவில் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரயிலால் இவர்கள் வியாபாரம் அழிந்தது என்பதை அக்கால அரசு ஆவணங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒப்புக்கொண்ட பின்னும் கைரேகை வாங்கினார்கள். ஊரை விட்டுப் போகச் சீட்டு, வந்து சேர்ந்தால் ஆஜர். இன்றைய பாபட்லாப் பக்கத்து ஸ்டூவர்ட்புரம் அப்படிக் குடியமர்த்தி உண்டான ஊர்தான். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952இல் ஒழிந்தது. இன்று ஆந்திரத்தில் எருகுலர் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் போனாலும் பெயர் போவது சுலபமல்ல. இன்றும் ஒரு திருட்டு நடந்தால் சந்தேகம் முதலில் எந்தக் குடிசைக்குப் போகிறது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

யானை திரும்பிய காடு

இந்த மலையில் நடக்க விரும்புகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். சுமார் 200 ஆண்டுகளாக யானை இல்லாதிருந்த இக்காடுகளுக்கு 1980களில் தெற்கேயுள்ள ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் வந்து தங்கிவிட்டன. 1990இல் கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. பரப்பு சுமார் 357 சதுர கி.மீ. அந்தக் கௌண்டின்யா ஆறுதான் குடியாத்தம் பக்கம் இறங்கிப் பாலாற்றில் சேருகிறது. காட்டோரக் கிராமங்களில் பயிரும் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது. 2025இல் கர்நாடக அரசு ஆந்திரத்துக்குக் கும்கி யானைகளை அளித்தது. பலமனேர் அருகே முசலிமடுகுவில் அவற்றுக்கு முகாம் அமைந்தது.

ஆகவே வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறங்கக்கூடாது. தனியாகவும் போகக்கூடாது, இருட்டியபின்னும் கூடாது. நெடுஞ்சாலையில் நடப்பதும் ஆபத்துதான். திருப்பங்களில் லாரிகள் வேகமாக இறங்கும். காலையிலேயே மொகிலிக்கு வந்து கோயிலைப் பார்த்துவிட்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு அனுமதியுள்ள பகுதிவரை ஏறித் திரும்புவது நல்லது.

பலமனேரில் பார்க்க இரண்டு உண்டு. ஒன்று சுடுமண் வேலை. மற்றொன்று கால்நடைப் பண்ணையில் காக்கப்படும் புங்கனூர்ப் பசு. ஆளின் இடுப்பளவுக்கு மேல் வளராத குள்ள இனம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மேட்டு நிலத்துத் தக்காளி ஏற்றிய லாரிகள் சென்னைக்குப் புறப்பட்டுப் போவதைக் காணலாம். தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மொகிலிக் கணவாய் வழியாகத்தான் அவையும் இறங்குகின்றன.