எழுத ஓர் இடம், எழுத ஒரு நேரம்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றவர் ஔவையார். தொண்டைமான் ஆண்ட ஊர் நம் காஞ்சி என்பதால், இங்கு தமிழாசிரியராகப் பணியாற்றும் எனக்கு அந்தப் பாடத்தை நடத்துவதில் தனி மகிழ்ச்சி உண்டு. சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் மட்டும் 59 பாடல்கள் உள்ளன. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

"அதுக்கப்புறம் ஏன் டீச்சர் பெண்கள் பேரு அவ்வளவா வரல?" என்று ஒரு மாணவி கேட்டாள். நாம் ஒவ்வொருவரும் விளக்க வேண்டிய கேள்வி இது.

முதல் தடை கல்வி. வை.மு. கோதைநாயகிக்கு (1901–1960) ஐந்து வயதிலேயே திருமணம். பள்ளிக்குப் போனதில்லை. தம் முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர் தாமே எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். 115 நாவல்கள் படைத்தார். எழுதித்தர ஒரு தோழி இல்லாத பெண்களின் கதைகள் என்னவாயின?

அடுத்த தடை குடும்பக் கட்டுப்பாடு. துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் படிப்பு, பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்டது. வீட்டாருக்குத் தெரியாமல் எழுதினார். 'சல்மா' என்பதே அடையாளத்தை மறைக்க வைத்துக்கொண்ட புனைபெயர்தான். இங்கிலாந்தில் மேரி ஆன் எவன்ஸ், 'ஜார்ஜ் எலியட்' என்ற ஆண் பெயரில் நாவல்களை வெளியிட்டதையும் இத்துடன் சேர்த்துச் சொல்லலாம்.

மூன்றாவது தடை நேரம். இதை நம் வகுப்பறையிலேயே காணலாம். நெசவாளர் வீட்டுச் சிறுமி பள்ளி விட்டதும் தார் சுற்றுகிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், சமையலுக்கு உதவுகிறாள். கதை எழுத அவளுக்கு ஏது பொழுது?

எனவே நான் பின்பற்றும் சில வழிகள்:

• ஆசிரியர் குறிப்பை நடத்தும்போது, அவர் எந்தச் சூழலில் எழுதினார் என்பதையும் சொல்கிறேன்.

• வாரம் ஒரு நாள், வகுப்பிலேயே பதினைந்து நிமிடம் விருப்பம்போல் எழுத விடுகிறேன். மதிப்பெண் கிடையாது.

• எழுதத் தடுமாறும் குழந்தை சொல்ல, இன்னொரு குழந்தை எழுதுகிறது. கோதைநாயகிக்கு உதவிய வழிதான்.

• கையெழுத்து இதழுக்கு மாணவிகளும் ஆசிரியராகிறார்கள். கோலம் போடும் வேலையும் படம் ஒட்டும் வேலையும் மாணவர்களுக்கும் உண்டு.

எழுதியவரின் பெயரை முழுமையாக, பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன். தன் பெயரை அப்படிப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் கேட்காமலே தாளுடன் வந்து நிற்கிறாள்.